பெர்மிட் இருக்கா, இல்லையா?

ரயில் பாதை ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் தறப்பாள் கட்டி இருக்கிற சனத்தை எழுப்பும்போதெல்லாம் ஒரு வசனம் வரும்: "சட்டப்படிதான் செய்யிறம்." சரி, எந்தச் சட்டம்? சொல்பவர்களிலேயே கனபேர் அதை வாசித்திருக்கமாட்டார்கள் என்பது எங்கள் சந்தேகம்.

அரச காணியில் இருப்பவர்களை எழுப்புவதற்கென்று 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டம் இருக்கிறது. தகுதிவாய்ந்த அதிகாரி எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். குறைந்தது 30 நாள் தவணை. போகாவிட்டால் அவர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கட்டளை கிடைத்த பிறகுதான் வெளியேற்றலாம். விடியக்காலை பொலிஸோடு வந்து "மத்தியானத்துக்குள்ள வெளிக்கிடுங்கோ" என்று வாயால் சொல்வது இந்தச் சட்டத்தில் இல்லை. (வீதி, நகர அபிவிருத்தி என்று வேறு சட்டங்களையும் நீட்டுவார்கள். நீட்டட்டும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்போம்.)

ஆனால் நடைமுறை ஒழுங்காக நடந்தாலும் என்ன கிடைக்கிறது? 9 ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் ஒரேயொரு கேள்விதான்: செல்லுபடியான பெர்மிட்டோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரமோ இருக்கா, இல்லையா? பெர்மிட் இருந்தால் அந்தச் சனம் ஏன் தறப்பாளுக்குள் கிடக்கப்போகிறது! அதிகாரியின் விண்ணப்பத்தில் உள்ள வேறெதையும் மறுக்க முடியாது. அதற்குச் சான்று காட்டு என்று அதிகாரியைக் கேட்க நீதவானுக்கே அதிகாரமில்லை. அறிவித்தலுக்கு எதிராக விளக்கம் சொல்லவும் எவருக்கும் உரித்தில்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை. மீளாய்வு, ரிட் என்று போகலாம்தான். லோயருக்கு ஆர் காசு குடுக்கிறது?

பம்பாய் நடைபாதைவாசிகளின் ஒல்கா டெலிஸ் வழக்கில் 1985 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. அறிவித்தல் இல்லாமலே அகற்றலாம் என்று அங்கேயும் மாநகரசபைச் சட்டம் சொன்னது. அப்படியிருந்தும், பிழைப்பு உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி, எழுப்ப முதல் அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும் என்றது நீதிமன்றம். பெரிதாகக் கொண்டாடவும் தேவையில்லை. மழைக்காலம் கழிய ஒக்டோபர் 31 வரை பொறுக்கச் சொல்லிவிட்டு, எழுப்புவதற்கு அதே தீர்ப்பு வழிவிட்டது.

எங்கள் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமைக்கென்று தனி உறுப்புரையே இல்லை. 27 ஆம் உறுப்புரையில் போதிய உணவு, உடை, வீடு என்று வடிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு உறுப்புரை தள்ளி, 29 இல், இவற்றை நீதிமன்றத்தில் கேட்க ஏலாது என்கிறார்கள்.

அரசு தன் காணியை மீட்க 30 நாள் போதும். சனம் தன் காணியை அரசிடமிருந்து மீட்க? வலிகாமம் வடக்கில் 1990 இல் எழும்பின சனம் முகாம்களிலேயே பேரப்பிள்ளை கண்டது. கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் படைமுகாம் வாசலில், தெருவில் கிடந்தார்கள். படைக்கு அறிவித்தல் கொடுக்க அவர்களுக்கு எந்தத் தகுதிவாய்ந்த அதிகாரியும் இருக்கவில்லை. இவ்வளவையும் கண்ட நாங்கள், கொழும்பில் தெருவில் படுப்பவரை "எங்கட ஆக்கள் இல்லை" என்று விட்டுவிட்டுப் போவது எப்படி?

9 ஆம் பிரிவைத் திருத்தவேண்டும். எங்கே போவார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாகும் என்று நீதவான் கேட்கவேண்டும். ஒழுங்கான பதில் வரும்வரை கட்டளையை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் வேண்டும். அறிவித்தல் கிடைத்தவருக்குப் பதில் சொல்ல உரிமை வேண்டும்.

திருத்தம் வரும்வரை சும்மா இருக்கவும் ஏலாது. உங்கள் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினால் அன்றைக்கே படம் எடுங்கோ, திகதியைக் குறியுங்கோ, அந்தச் சனத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதானால் ஒரு மாதம்தான் தவணை.