படிவத்தில் இடம்பெறாத பெட்டி

மீன்பிடித் தடைக்காலப் பரிசோதனை நெருங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களும் வலைக்கு ஓய்வாக இருக்கலாமே ஒழிய, ஸ்லிப்பில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும் இந்நாட்களில் நம் வாசகர்களுக்கு ஓய்வேது? அவர்கள் கையில் கரியும் கிரீஸும் உலராதிருக்கும் இவ்வேளையில், 24 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட யந்திரமும் ஆகா என்னும் விதியைக் கையில் ஏந்தியவண்ணம் உத்தியோகஸ்தர்கள் துறைமுகம் துறைமுகமாக வரும்போது, அதைப்பற்றி இவ்விதழின் அபிப்பிராயம் யாது என்று பலரும் வினவுவது நியாயமே.

வரம்பை நாம் ஆதரிக்கிறோம். வரம்பற்ற யந்திரங்கள் கரையோரக் கடலை அரித்துவிட்டுப் போவதால் சிறு தொழில்காரனுக்கு நேரும் நஷ்டத்தை விவரித்துப் பக்கத்தை நிரப்ப வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது: 240 என்பது கியர்பாக்ஸைப் பொறுத்தமட்டில் பாதி எண்ணேயாகும், மற்றப் பாதியை எந்த உத்தியோகஸ்தரும் கேட்பதில்லை.

அந்த மற்றப் பாதி சுழற்சி வேகம். 1,800 ஆர்பிஎம்மில் 240 குதிரைத்திறன் தரும் யந்திரத்தையும், 1,500-இல் அதே 240-ஐத் தரும் யந்திரத்தையும் விதி ஒன்றாகவே பாவிக்கிறது. கிளட்ச் தகடுகளோ அவ்விதம் பாவிப்பதில்லை. ஓர் ஆர்பிஎம்முக்கு 0.1 கிலோவாட் என்று பெயர்த்தகட்டில் பொறித்த கியர் பெட்டியை எடுத்துக்கொண்டால், 1,800-இல் அது 180 கிலோவாட் தாங்கும். 240 குதிரைத்திறன் ஏறக்குறைய 179 கிலோவாட் ஆதலால் கணக்கு மயிரிழையில் தப்புகிறது. 1,500-இல் அதே பெட்டி தாங்கக்கூடியது 150 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைத்திறன்தான். சட்டப்படி குற்றமற்ற அப்படகு, கியர்பாக்ஸின் சட்டப்படி முதல்நாளே குற்றவாளியாகிறது. இதன்மேல், அநேக மாடல்களில் குறைப்பு விகிதம் கூடக்கூடத் தாங்குதிறன் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், 3.5-க்கு 1 விகிதப் பெட்டியை மலிவாகக் கிடைத்ததென்று தூக்கிவந்து பொருத்தும் முதலாளி எதை வாங்கியிருக்கிறார் என்பது விளங்கும். வரம்புக்குள் அடங்குவதற்காக யந்திரத்தை மாற்றுகிறவர்களிற் பலரும் பழைய பெட்டியையும் பழைய புரொப்பல்லரையும் அப்படியே விட்டுவைப்பதால், யந்திரம் தன் முழு ஆர்பிஎம்மை எட்டமாட்டாமல் கரும்புகை கக்குவதும், கப்ளிங்கின் ரப்பர் கட்டைகள் நொறுங்குவதும், முடிவில் பழி கியர் மெக்கானிக்கின் தலையில் விழுவதும் நாம் அறிந்த கதை.

பழியைப் பற்றிச் சொன்னதால், பெட்டியைத் திறக்கும் அவசரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். "அண்ணே, கியர் போயிடுச்சு, முன்னுக்கு இழுக்கவே மாட்டேங்குது, பின்னுக்கு நல்லா எடுக்குது" என்று டிரைவர் சொன்ன மாத்திரத்தில் ஸ்பானரைத் தேடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. வெல்வெட் டிரைவ் பெட்டியாயின், பக்கத்திலுள்ள ஷிஃப்ட் லீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, லீவரைக் கையால் முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். உள்ளிருக்கும் குண்டு தன் குழியில் 'டக்' என்று விழுந்து, லீவர் பெட்டியின்மேல் வார்த்திருக்கும் 'எஃப்' எழுத்தை மூடி நின்றதும் ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளுமானால், நோய் பெட்டியில் இல்லை, கேபிளின் நீளத்தில் இருக்கிறது. நட்டை நாலு சுற்றுத் திருகினால் தீர்ந்தது. குழிக்குச் சிறிது முன்னதாகவே லீவர் நின்றுவிட்ட நிலையில் ஒரு நாள் முழுதும் வலை இழுத்த படகிலோ, தகடுகள் அரைப்பிடியில் தேய்ந்து கருகியிருப்பது எண்ணெய்க்குச்சியை முகர்ந்தாலே தெரிந்துவிடும். அந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அப்பெட்டியைச் செய்தவர்களே கைநூலில் எழுதியிருக்கிறார்கள்; கைக்கு இலேசாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றிப் போடும் டிரைவருக்கு அதைப் படித்துச் சொல்லத்தான் ஆளில்லை.

லீவர் சரி, ஷாஃப்ட் சுழல்கிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லர் பக்கம் போக வேண்டும். லீவர் சரியாக இருந்தும் ஷாஃப்ட் சுழலாவிட்டால்தான் எண்ணெய் அழுத்தத்தின் முறை வருகிறது. நியூட்ரல், முன்கியர், பின்கியர் ஆகிய மூன்று நிலையிலும் அழுத்தம் தாழ்ந்திருந்தால் எண்ணெய் மட்டம், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி, பம்ப், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் என்ற வரிசையில் தேடுக. முன்கியரில் மட்டும் சரிந்தால் அந்தக் கிளட்ச்சின் பிஸ்டன் சீலிலோ சீலிங் ரிங்கிலோ கசிவு. மூன்றிலும் திடமாக நின்றால் தகட்டையோ டேம்பரையோ சந்தேகிக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கூலர் குழாய் ஓட்டையாகிக் கடல்நீர் கலந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்புவதுதான் மன்னிக்க முடியாதது.

இந்த நிதானத்துக்கெல்லாம் ஆதாரம் ஓர் அழுத்தமானி. நம் கரையில் எத்தனை படகுகளின் வீல்ஹவுஸில் கியர் எண்ணெய்க்கென்று தனியே ஒரு மானி, முள் அசையும் நிலையில், டிரைவரின் கண்ணுக்கு எதிரே இருக்கிறது? யந்திரத்தின் எண்ணெய்க்கு உண்டு, தண்ணீர்ச் சூட்டுக்கு உண்டு. கியருக்கான துவாரத்திலோ ஒரு பிளக்கை முறுக்கிப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். ஒரு நாள் மீன்பாட்டில் மிச்சம்பிடிக்கக்கூடிய ஒரு பொருளை வாங்காமல், கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில், சூறைக்காற்றில், ஆட்களோடு படகு மிதந்துகொண்டிருப்பதை எவ்வளவு காலம் தலைவிதி என்று சொல்லிக்கொண்டிருப்பது? பெட்டி பெரும்பாலும் ஒரே கணத்தில் போய்விடுவதில்லை. அது நாட்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுக்கிறது, அதைப் படிக்கும் முள்தான் இல்லை. இதை இப்பத்தியில் நாம் முன்னும் எழுதியிருக்கிறோம், சலிப்பூட்டும் அளவுக்கே எழுதியிருக்கிறோம். ஆயினும் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பதிவுச் சான்றைப் பார்க்கிறார்கள், உரிமத்தைப் பார்க்கிறார்கள், நாடாவைப் பிடித்து நீளம் அளக்கிறார்கள், யந்திரத்தின் எண்ணைத் துடைத்துப் படிக்கிறார்கள், படகு சரியான வண்ணத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், உயிர்காப்பு மிதவையை எண்ணுகிறார்கள். அந்த மிதவைக்கு வேலை வைக்கும் பெட்டியின் தகட்டை ஒருவரும் குனிந்து நோக்குவதில்லை. பரிசோதனைக்கு நிறுத்தாத படகுக்கு மானிய டீசலை நிறுத்தும் அதிகாரம் படைத்தவர்கள், ஒரு மானியைப் பொருத்துக என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எந்த ராஜ்யத்தின் அனுமதியை எதிர்பார்க்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை. விதி செய்யும் அறையில் குதிரைத்திறன் பேசப்பட்டபோது, முறுக்கு விசையை அறிந்த ஒரு மெரைன் ஃபிட்டரையாவது ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தால், வரம்புக்குப் பக்கத்தில் ஆர்பிஎம்முக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளவனுக்குக் கருத்தும் உண்டு என்பது மேசைக்கு அப்பாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

அவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்வரை நாம் காத்திருப்பதற்கில்லை. ஸ்லிப்பில் இருக்கும்போது ஷாஃப்ட் அலைன்மென்ட் முடிந்தது என்று எவரும் கையெழுத்திட வேண்டாம். மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் என்பதை ஓடாவிகள் நமக்கு முன்பே அறிவார்கள். படகு இறங்கி ஓரிரு நாள் ஊறியபின், டீசலும் ஐஸும் ஏற்றி, கப்ளிங் முகங்களுக்கிடையே ஃபீலர் கேஜை நான்கு திசையிலும் விட்டுப் பார்த்து, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதவாறு சரிசெய்வது முறை. பழுதாகிக் கட்டியிழுக்கப்படும் படகில் ஷாஃப்டைக் கயிறு போட்டோ கட்டை கொடுத்தோ நிறுத்த வேண்டும் என்பதையும் டிரைவர்களிடம் வற்புறுத்துங்கள். யந்திரம் ஓடாதபோது பம்பும் ஓடாத பெட்டிகளே மிகுதி, புரொப்பல்லரோ நீரோட்டத்தில் சுழன்றுகொண்டே வந்து பேரிங்குகளை உலரவைத்துத் தின்றுவிடும். கிளட்ச்சை இறுக்கும் அவசரத் திருகாணிகள் உள்ள பெட்டியாயின், யந்திரத்தை நிறுத்திவிட்டு அவற்றை முறுக்கித் தன் பலத்திலேயே கரை சேரலாம். ஆனால் அப்போது நியூட்ரல் என்பது இராது, யந்திரத்தைக் கிளப்பிய உடனே படகு கிளம்பிவிடும் என்பதைத் துறைமுக வாயிலுக்கு வெளியிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

ஜூன் 14-க்குள் தம் கைக்கு வரும் ஒவ்வொரு படகிலும், எண்ணெய் சூடேறியபின் மூன்று நிலையிலும் எடுத்த அழுத்தத்தையும், தகட்டிலுள்ள விகிதத்தையும், யந்திரம் எட்டிய உச்ச ஆர்பிஎம்மையும் யந்திர அறைச் சுவரில் பெயின்டால் எழுதிவைத்து, ஒரு பிரதியை இவ்வலுவலகத்துக்கு அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். போதிய எண்கள் சேர்ந்தால் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு நாமே துறையாரைச் சென்று காண்கிறோம்.