ஐந்து நிமிட வாங்கு

நமுனுகுலைப் பக்கத்து லயத்திலிருந்து இறங்கி, பஸ்ஸில் நின்றபடியே பதுளை பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு மூச்சிரைக்க வந்து சேரும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் கையில் உடனே பட்டியைச் சுற்றினால், பிரஷர் ஏறித்தான் காட்டும். முதலில் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரம் தேத்தண்ணி கூடாது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருக்கவும் கூடாது. அளக்கும்போது பேசினாலே 10 புள்ளி கூடலாம். இத்தனை சனத்துக்கு எங்கே நேரம் என்பார்கள். வரிசையை நிற்க வைக்காமல் வாங்கில் உட்கார வைத்தாலே போதுமே! தவறான ஓர் அளவை நம்பிக் குளிசையைக் கூட்டினால், மலைச்சரிவில் தலைசுற்றி விழப்போவது அந்த அம்மாதான்.

நோய் விவரம் கேட்பது இதைவிட மோசம். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கேள்வி சிங்களத்தில் கிளம்பி, கூட வந்த மகன் வாயால் தமிழாகி, பதில் பாதியாகத் திரும்புகிறது. மகன் முன்னால் எந்தத் தாய் வெள்ளைபடுதலைச் சொல்வாள்? "குளிசை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால், "ஆமாங்க ஐயா" என்பதோடு சரி. "போன கிளினிக்குக்கு ஏம்மா வரல்ல?" என்று தமிழ் தெரிந்த தாதி தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும்: வந்திருந்தால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போயிருக்கும்.