கப்பலில் வந்தால் குடிமகன்! படகில் வந்தால் ஏதிலியா?

தமிழர்களே!

பசித்து வந்தவனுக்குச் சோறிடுமுன் அவன் ஊரைக் கேட்பது தமிழ மரபன்று. உண்டு முடித்தபின்னரே ஊரும் பேரும் கேட்டனர் நம் முன்னோர். இற்றை அரசுகளோ, ஒரு படி அரிசிக்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் முன்னரே, “நீ எந்நாட்டுக் குடி? சான்று எங்கே?” என்று வாயிலில் மறிக்கின்றன. பொதுப்பணத்தைக் காக்கும் பொறுப்புடைய அரசு கணக்குக் கேட்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால், சான்று தரவேண்டியவனே அதனைத் தராது தன் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, பின் ‘உன்னிடம் சான்றில்லை’ என்று கதவடைப்பானாயின், அதற்குச் சரிபார்ப்பு என்றா பெயர்? சூது என்று பெயர்!

அச் சூது முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தமிழ்க் கூட்டத்தின்மேல் நடந்துவருகின்றது. அவர்கள்தாம் இலங்கை மலையகத் தமிழர்.

1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கும், அவற்றின்பின் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து அவர்களைக் கங்காணிகளைக்கொண்டு கூட்டிச் சென்றான் வெள்ளையன். மன்னார்க் காட்டுவழியில் மாண்டவர் மாள, எஞ்சியவர் மலையேறினர். அவர்களின் வாழ்வையே கட்டிப்போட்ட தாள் ஒன்று உண்டு. ‘துண்டு’ என்று அதற்குப் பெயர். கடனை அடைத்தாலன்றித் தோட்டம் மாறமுடியாதபடி அவர்களைப் பிணித்த சீட்டு அது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. துண்டில் அவர்களின் கடன் இருந்தது. அவர்களின் பிறப்பு இல்லை. கடனுக்குக் கணக்கெழுதத் தெரிந்த வெள்ளையனுக்கு, உரிமைக்குக் கணக்கெழுதத் தெரியவில்லை.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே கொழும்பரசு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்று காட்டு என்றது அச்சட்டம். இலயன் வீட்டில் பிறந்து தேயிலைக்கு அடியிலேயே புதைக்கப்பட்டவனின் பிறப்புச் சான்றுக்குப் பேரன் எங்கே போவான்? 1949ஆம் ஆண்டின் சட்டம் பதிவுசெய்துகொள்ளும் வழியொன்றைத் திறப்பதுபோல் திறந்தது. அதன்படி வேண்டுகை கொடுத்தவர் ஏறத்தாழ 8,25,000 பேர். குடியுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறு பேர்க்கு ஒருவர்! 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குரிமையே அற்றவராயினர். குடியுரிமை போனதும் வாக்கு போயிற்று. வாக்கு போனதும் அவர்தம் பசியையும் நோயையும் கேட்க ஆளில்லாது போயிற்று. சான்று கேட்டவர்களின் நோக்கம் உண்மையை அறிவதன்று, எண்ணிக்கையைக் குறைப்பதே.

இனித் தில்லியின் பங்கைப் பாருங்கள். 30.10.1964 அன்று சிறீமாவோவும் சாத்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 9,75,000 மாந்தரை ஆட்டுமந்தையைப்போல் கூறுபோட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆக 6,00,000 பேரை எம் குடிமக்களாக ஏற்போம் என்று எழுதிக்கொடுத்தது இந்திய அரசு. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஆயினும் எழுத்து எழுத்துத்தானே?

அவ்வெழுத்தின்படி தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர் எனப்பட்டனர், குடியுரிமை பெற்றனர். 1984இல் போர்ச்சூழலால் கப்பல் நின்றது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவெறியாட்டங்களில் அடிபட்டு மலையகத்தைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள், அங்கும் குண்டு விழவே மீன்பிடி படகுகளில் ஏறி இக்கரை சேர்ந்தனர். அவர்களுக்கு இங்கு இட்ட பெயர் ஏதிலியர்!

ஒரே தோட்டம், ஒரே இலயன், உடன்பிறந்தார் இருவர். அண்ணன் கப்பலில் வந்தான், குடிமகன். தம்பி படகில் வந்தான், ஏதிலி. இருவரையும் பிரித்தது குருதியா, மொழியா, முன்னோர் ஊரா? ஏறி வந்த மரக்கலம்! கலத்தைப் பார்த்துக் குடியைத் தீர்மானிக்கும் இச்சட்டத்தை எந்த அறநூல் ஒப்பும்?

கொடுமை அத்துடன் நிற்கவில்லை. 2003இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம், உரிய கடவுச்சீட்டின்றி வந்தவரைச் ‘சட்டப்புறம்பாகக் குடியேறியவர்’ என்று முத்திரை குத்தி, குடியுரிமை வேண்டும் வழிகளை அவர்க்கு அடைத்தது. பெற்றோரில் ஒருவர் அம்முத்திரை பெற்றிருப்பினும், 3.12.2004 முதல் இம்மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்றது. எரியும் வீட்டிலிருந்து ஓடிவருகின்றவன் கடவுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டா ஓடுவான்? 2019ஆம் ஆண்டின் திருத்தமோ பாகித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் மூன்றிலிருந்தும் 2014 முடிவுக்குள் வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. ஈழத்திலிருந்து வந்தவனை, அவன் இந்துவாயினும் கிறித்துவனாயினும், வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்தியது. 2025 செப்தம்பரில், 9.1.2015 வரை வந்து பதிந்துகொண்ட ஈழத்தமிழரைக் கடவுச்சீட்டு இல்லாக் குற்றத்தின் ஒறுப்பினின்று விலக்கி ஆணை பிறந்தது. ஒறுக்கமாட்டோம் என்றார்களேயன்றி, உரிமை தருவோம் என்றார்களில்லை. 1948இல் பறித்த கொழும்பரசுகூட, 2003இல் 35ஆம் எண் சட்டத்தால் மலையகத்தார்க்குக் குடியுரிமை வழங்கிற்று. பறித்தவனே திருப்பித் தந்தபின்னும், தருவேன் என்று எழுதிய தில்லி இன்னும் தரவில்லை!

‘சரிபார்க்காமல் கொடுத்தால் போலியர் நுழைந்துவிடுவர்’ என்பார் சிலர். அவர்களைக் கேட்கின்றோம்: முகாமில் வாழ்வோரைப்போல் சரிபார்க்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் வேறெவர்? பெயரும் அகவையும் வந்த நாளும் பதிவேட்டில் உள. ஆளெடுப்பு நாளில் வேலைக்குச் சென்ற ஊரிலிருந்து ஓடிவந்து தலைகாட்டாவிடில் உதவித்தொகை நிற்கும். இப்படித் தலைமுறைக் கணக்கில் எண்ணியாயிற்று. எண்ணுவதற்கு இனி என்ன இருக்கின்றது? முடிவு சொல்லாது ஓயாமல் சரிபார்ப்பது சரிபார்ப்பன்று, மறுப்பேயாகும்.

தமிழக அரசு 2021இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. குடும்பத் தலைவர்க்குத் திங்களுக்கு 1,500 உருபா என்று தொகையை உயர்த்தியது. வீடு கட்டவும் பொருள் ஒதுக்கியது. நன்று, பாராட்டுகின்றோம். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. இரங்கிக் கொடுப்பதை இரக்கம் வற்றியதும் நிறுத்தலாம். உரிமையை அவ்வாறு நிறுத்தமுடியாது. முகாமில் பிறந்து பொறியியல் படித்த இளைஞன் அரசுத் தேர்வு எழுத முடியாமல் சுவருக்குச் சாயம் பூசுகின்றானே, அவனுக்கு வேண்டுவது இன்னும் ஐந்நூறு உருபாவா? குடியுரிமையா?

2020 அக்தோபர் முதல் எம்மாநிலத்தானும் தன் குடும்ப அட்டையைக் காட்டித் தமிழகப் பங்கீட்டுக் கடையில் அரிசி வாங்கலாம். வடவன் பசியாறுவதை நாம் தடுக்கவில்லை; பசிக்கு மொழியில்லை. நாம் கேட்பது இது ஒன்றே: ஆயிரங்கல் தொலைவிலிருந்து வந்தவனுக்கு ஓர் அட்டை போதுமாயின், பாட்டன் பிறந்த மண்ணுக்கே மீண்டவனுக்கு மூன்று தலைமுறைச் சான்றும் போதாமற் போவதேன்?

நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்வோர் ஏறத்தாழ 58,000 பேர். ஒரு சிற்றூரளவு மக்களுக்கு உரிமை கொடுத்தால் இப்பெருநாடு கவிழ்ந்துவிடுமா? ஆகவே, 1964 உடன்படிக்கைக்குரிய மலையகத் தமிழர் அனைவர்க்கும், அவர்தம் பிள்ளைகட்கும் உடனே குடியுரிமை வழங்கவேண்டும். வடக்கு கிழக்கிலிருந்து வந்தோருள் இங்கே வாழ விரும்புவோர்க்கும் அவ்வழியைத் திறக்கவேண்டும்; திரும்ப விரும்புவோரை மதிப்புடன் அனுப்பவேண்டும்; எவரையும் வலிந்து அனுப்பலாகாது. ‘சட்டப்புறம்பாகக் குடியேறியவர்’ என்னும் இழிசொல்லை ஈழத்தமிழர்மேலிருந்து நீக்கவேண்டும்.

தமிழர்களே! உம் ஊருக்கருகிலும் ஒரு முகாம் இருக்கக்கூடும். அங்கே செல்லுங்கள். அவர்களிடம் சான்று கேளாதீர்கள். அவர்களுக்குச் சான்றாக நீங்கள் நில்லுங்கள். “இவர் எம்மவர்” என்று ஏழு கோடித் தமிழரும் ஒரே குரலில் சொன்னால், அதைவிடப் பெரிய சான்று எந்த அலுவலகத்தில் இருக்கின்றது?