கடைசி பஸ்ஸில் இறங்கியவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் தெரியாத முகம் ஒன்று இறங்கினால் போதும். மறுநாள் காலை வத்திராயிருப்பு டீக்கடையில் அவர் எந்த ஊர், யார் வீட்டுக்கு, என்ன காரியம் என்று எல்லாம் அலசியாகிவிடும். துப்பறிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்கர் ஆலன் போ 1841-இல் தொடங்கிவைத்த துப்பறியும் கதை தமிழில் வேர்பிடித்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்பேன். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கினார். ஜே.ஆர். ரங்கராஜு 1908-இல் ‘ராஜாம்பாள்’ எழுதி, துப்பறியும் கோவிந்தனை இறக்கினார். பிறகு தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால், கையில் தேநீரோடு வந்தார். தேவனின் சாம்புவோ அசட்டு அதிர்ஷ்டத்திலேயே கள்ளனைப் பிடித்தார் (எனக்குப் பிடித்தவர் அவர்தான்).

பிணமும் ரத்தமும் துப்பறியும் கதையில் வெறும் சாக்கு. தடயத்தை முதல் அத்தியாயத்திலேயே நம் கண்முன் போட்டுவிட்டு, கடைசியில் ‘கவனிக்கலையா?’ என்று கேட்கிற நேர்மைதான் ருசி. கொலையாளியைக் கடைசி எபிசோடில் புதிதாகக் கூட்டிவரும் வெப் சீரிஸ்களுக்கு அந்த நேர்மை கிடையாது. பாடப்புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை ஒளித்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால், தயவுசெய்து பிடுங்காதீர்கள். குற்றவாளி யார் என்று மட்டும் கேளுங்கள்.