கட்டணம் மட்டுமா?



"படிப்பதற்குப் பணம் வேண்டாம், மனம் இருந்தால் போதும்" என்று மேடையில் முழங்குவோர் உண்டு. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டும் வரிசையில் நின்று, நம் முறை வந்ததும் மனத்தை எடுத்து நீட்டினால் எழுத்தர் வாங்கிக் கொள்வாரா? பணத்தைத்தான் கேட்பார். எனவே பணத்தைப் பற்றிப் பேசுவோம். பேசக் கூசுவதால்தான் பலர் சொல்லாமல் கொள்ளாமல் படிப்பை விட்டுப் போகிறார்கள்.

நம் வட்டாரத்துப் பழங்கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். திருத்தணியில் எளிய குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். உதவிச் சம்பளமே அவரைப் படிக்க வைத்தது. அவர் மெய்யியலைப் பாடமாக எடுத்தது எப்படி? அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய மெய்யியல் நூல்களை அவரிடம் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு மிச்சமாயிற்று; பாடமும் முடிவாயிற்று! பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த மெய்யியல் அறிஞரின் பாதையைத் திருப்பியது சில பழைய புத்தகங்கள். உரிய வேளையில் கிடைத்த சிறு உதவிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த இராமலிங்க ரெட்டி, அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று 1902இல் கேம்பிரிட்சு சென்றார். ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானார். திருப்பதியில் தேவத்தானம் 1945இல் கல்லூரி தொடங்கியது. 1954இல் அங்கே பல்கலைக் கழகமும் எழுந்தது. முகம் தெரியாத அடியவர் உண்டியலில் இட்ட காசு, முகம் தெரியாத மாணவனுக்குப் பாடமாக மாறியது. ஆகவே, பிறர் பொருளால் படிப்பது இழிவென்று எவரும் குன்ற வேண்டியதில்லை. இந்த மண்ணில் அறிஞர் பலர் அப்படித்தான் வளர்ந்தனர்.

இன்றைய நிலை என்ன? சாந்திபுரத்திலிருந்து குப்பத்துக்கோ திருப்பதிக்கோ படிக்க வரும் ஒரு தமிழ்ப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். தந்தை கூலி வேலைக்காகப் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறுகிறவர். அல்லது தக்காளி பயிரிட்டு, விலை ஏறுமா இறங்குமா என்று சந்தையைப் பார்த்துக் கொண்டிருப்பவர். அந்தப் பெண்ணுக்கு அரசு உதவி இல்லாமல் இல்லை. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஏற்கும் முறை ஆந்திரத்தில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. 2020இல் தொடங்கிய விடுதிச் செலவுத் திட்டம், பட்டப் படிப்பு மாணவர்க்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வகுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றோருக்கு மத்திய அரசின் உதவிச் சம்பளம் ஒன்று உண்டு. இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000 ரூபாய்.

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை இரண்டு.

முதற்குறை எல்லைக்கோடு. இராதாகிருஷ்ணன் திருப்பதியில் படித்தார், வேலூரில் படித்தார், சென்னையில் படித்தார். அன்று இவையெல்லாம் ஒரே மாகாணம். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குச் சென்றது. கோடு போட்டவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். மாமன் வீடு அந்தப் பக்கமும் அத்தை வீடு இந்தப் பக்கமுமாக உறவுகள் அப்படியே இருந்தன. ஆனால் உதவித் திட்டங்களுக்கு உறவு முறை தெரியாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருவது. 2024இல் மாணவர்க்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அது போன்ற திட்டம் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றவர்க்கே அவை. சாந்திபுரத்துப் பெண் தமிழச்சிதான். பள்ளி ஆந்திரப் பள்ளியாயிற்றே! அவள் கிருட்டிணகிரிக் கல்லூரிக்குச் சென்றால் அந்த உதவியும் இல்லை. ஆந்திரக் கல்லூரிகளுக்கென வகுத்த கட்டண உதவியும் கைநழுவும். பட்டியல் இனத்தாருக்குரிய மத்திய உதவிச் சம்பளம் மட்டும், எம்மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம் வழியே கிடைக்கும். ஆகவே, எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று கேட்கும்போதே, எந்தப் பக்கம் எனக்கு உதவி உண்டு என்றும் கேட்டுக் கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இரண்டாங்குறை காலம். கட்டணத்தைக் கல்லூரி சூலையில் கேட்கிறது. அரசின் பணமோ எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. கட்டண நிலுவை ஆந்திரத்தில் அடிக்கடி செய்தியாவதை நாம் அறிவோம். விதிகளும் மாறுகின்றன. 2020இல் தனியார் கல்லூரிகளில் முதுகலை படிப்போருக்குக் கட்டண உதவி நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு நம்பிச் சேர நினைத்தவர்கள் திகைத்தார்கள். நிலுவையைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைப்பதும் ஆங்காங்கே நடக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக் கொள்ளலாகாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. இதை அறிந்த மாணவர் எத்தனை பேர்?

இவ்விடத்தில்தான் கடன் கைகாட்டி அழைக்கிறது. கடனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வங்கிகளின் கல்விக் கடன் திட்டப்படி நான்கு இலட்சம் வரை ஈடு கேட்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஏற்ற வித்யாலட்சுமித் திட்டம், பட்டியலில் உள்ள உயர்தரக் கல்லூரிகளில் சேர்ந்தோர்க்கு ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் பெற வழி செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் மூன்றாண்டு வாங்குகிறோம். நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, முதல் இலட்சத்துக்கு 40,000, அடுத்ததற்கு 30,000, கடைசிக்கு 20,000. தனிவட்டியே 90,000 ஆகிவிட்டது! ஒரு காசும் கட்டுமுன் மூன்று இலட்சம் மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆகி நிற்கிறது. வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. அதுவும் தொழிற்கல்வியையே கருதியது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவனுக்கு அதில் இடமில்லை. ஆஸ்திரேலியாவில் 1989இல் ஒரு முறை கொண்டு வந்தார்கள். படித்தவனுடைய வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே கடனைத் திருப்பித் தருகிறான். வேலை கிடைக்காதவன் வாசலில் எவரும் வந்து நிற்பதில்லை. நம் நாட்டிலும் அத்தகைய முறை வேண்டும் என்று கேட்பது மாணவர் உரிமை.

அதுவரை? வரிசை ஒன்றை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாத உதவி முதலில். படிப்பைக் கெடுக்காத பகுதிநேர உழைப்பு அடுத்து. வங்கிக் கடன் கடைசியில். கந்துவட்டி ஒருபோதும் வேண்டாம்.

ஆனால் இவ்வளவும் அறிந்த மாணவனும் தடுக்கி விழுவது எதில்? பெருந்தொகையில் அன்று. தேர்வுக் கட்டணம் ஆயிரம், உணவுக் கட்டணம் இரண்டாயிரம், ஊர் போய் வருமானச் சான்று வாங்கி வரப் பேருந்துக் காசு. உதவிப் பணம் வரும். வருமுன் நாள் கடந்துவிடும். அந்த நாளைக் கடத்தத் துணை செய்ய ஆள் இல்லை. அங்கேதான் நம் சங்கம் நிற்க வேண்டும் என்கிறேன்.

ஆண்டு விழாவுக்கு மாலை வாங்குகிறோம்; ஒலிபெருக்கி வைக்கிறோம்; பொன்னாடை போர்த்துகிறோம். தவறில்லை. அதோடு கைமாற்று நிதி ஒன்றையும் தொடங்குவோம். நூறு உறுப்பினர் மாதம் இருபது ரூபாய் தந்தால், ஆண்டுக்கு 24,000 சேரும். ஆளுக்கு 2,000 வீதம் பன்னிரண்டு பேருக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். வட்டி கிடையாது. உதவிச் சம்பளம் வந்ததும் திருப்பித் தர வேண்டும். தந்தால் அடுத்த ஆண்டு இருபத்து நான்கு பேருக்கு ஆகும். கணக்கில் தொகையை எல்லாரும் பார்க்கலாம். வாங்கியவர் பெயரைப் பொருளாளரும் செயலாளரும் மட்டுமே அறியலாம். இதுதான் முதல் விதி. விளம்பரத்தோடு தரும் உதவியை ஏற்க மானமுள்ள மாணவன் வரமாட்டான். படித்து முடித்தோர் தம் நூல்களைக் கொடுத்துவிட்டுச் செல்ல ஓர் அலமாரியும் வைப்போம். விண்ணப்ப நாள்களையும் விதிகளையும் அறிந்து சொல்ல, ஒவ்வோர் ஆண்டும் மூத்த மாணவர் இருவர் பொறுப்பேற்கட்டும்.

"திருப்பித் தராவிட்டால்?" என்பீர்கள். இரண்டொருவர் தவறக்கூடும். அதற்காகப் பத்துப் பேரைப் படிப்பிலிருந்து துரத்துவதா? "அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு தப்பித்துக் கொள்ளுமே?" என்றும் ஒரு கேள்வி வரும். நாம் கொடுப்பது கைமாற்று. அரசின் கடமையை நாம் ஏற்கவில்லை. நிலுவையைக் கேட்டுக் கூட்டம் கூடுவோம், மனுக் கொடுப்போம். ஆனால் குரல் கொடுக்கவும் மாணவன் முதலில் வகுப்பில் இருக்க வேண்டுமே! ஊருக்குத் திரும்பிவிட்டவன் பெயர் எந்த மனுவிலும் இராது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். முதல் இருபது ரூபாயை நான் தருகிறேன்.