பத்து வயதில் எழுதப்படும் தலைவிதி

நுண்ணறிவு வேறு, அறிவு வேறு, திறன் வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, அக்கலவைக்குக் ‘கெட்டித்தனம்’ எனப் பெயர் சூட்டி, பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையை ‘மூளை இல்லாதது’ என்று அதன் முன்னிலையிலேயே சொல்லக் கேட்கிறோம். இத்தீர்ப்புக்கு விஞ்ஞானத்தின் ஆதரவு உண்டா?

1905இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பினே நுண்ணறிவுச் சோதனையை ஆக்கியது, தனி உதவி வேண்டிநின்ற பிள்ளைகளை இனங்காண்பதற்கேயாம். நுண்ணறிவு பயிற்சியால் வளரும் என்பதே அவர் கருத்து. வர்க்கப் பிரிவினை வேரோடிய இங்கிலாந்திலோ, உதவுதற்கு அமைந்த கருவி ஒதுக்குதற்குப் பயன்பட்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சையொன்று பிள்ளைகளின் பாதையை வகுத்தது. நுண்ணறிவு பெரிதும் பிறப்பிலேயே அமைவது என்ற சிறில் பேர்ட்டின் வாதம் அதற்குத் துணைநின்றது. அவருடைய ஆய்வில் பிரிந்து வளர்ந்த இரட்டையரின் தொகை 21 சோடியிலிருந்து 53 சோடியாக உயர்ந்தபோதும், இணைபுக் குணகம் 0.771இலிருந்து அசையவேயில்லை! 1970களில் இது அம்பலமானதும் அவ்வெண்கள் மதிப்பிழந்தன.

1984இல் ஜேம்ஸ் பிளின் வேறோர் உண்மையைக் காட்டினார்: 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்க வெள்ளையரின் சராசரி நுண்ணறிவுப் புள்ளி ஏறத்தாழ 14ஆல் உயர்ந்திருந்தது. 46 ஆண்டுகளில் பரம்பரை இயல்பு அவ்வாறு மாறாது. மாறியது வாழ்க்கையே.

பிள்ளைகளிடையே வேறுபாடே இல்லையா என்பர் சிலர். உண்டு. ஆயின் இன்று எங்கே நிற்கிறான் என்பதைக் காட்டும் அளவுகோல், நாளை எங்கே நிற்பான் என்பதைக் கூறாது.

நுண்ணறிவாவது முன்பின் அறியாத சிக்கலை எதிர்கொள்ளும் ஆற்றல். அது வளரப் போசாக்கும், கேள்வி கேட்கும் துணிவும், பிழைவிடும் சுதந்திரமும் வேண்டும். ரியூசன் கொட்டிலில் நூறு மாதிரி வினாத்தாள் செய்த பிள்ளைக்கு நுண்ணறிவு வினாவில் புதுமை ஏது? அங்கே அளக்கப்படுவது பழக்கம். அப்பழக்கத்தை வாங்கத் தந்தையின் சட்டைப்பையில் இருந்த பணம்.

அறிவு மனிதகுலம் உழைத்துச் சேர்த்த பொதுச்சொத்து. நூலகமும் நல்லாசிரியரும் உள்ள இடத்தில் அது பெருகும். 1945இல் இலவசக் கல்வி வந்தது இச்சொத்தை எல்லார்க்கும் பங்கிடவே. திறனோ செய்து செய்து, திருந்தித் திருந்திக் கைக்கு வருவது. வல்வெட்டித்துறையில் உருவான ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டிய ஓடாவிமாரின் நுண்ணறிவை எந்த வினாத்தாள் அளந்தது? கையால் உழைப்பவனுக்கு மூளை இல்லை என்பது சாதியம் நமக்கு ஊட்டிய நஞ்சு. அந்நஞ்சுக்கு இன்று புள்ளிகளின் போர்வை கிடைத்திருக்கிறது.

ஆசிரியத் தோழர்களே! ‘இவனுக்கு ஏறாது’ என்று கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவனுக்குக் கற்பிக்கப்பட்டதா? பயிலக் காலம் தரப்பட்டதா? சிந்திக்க விடப்பட்டானா? ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையானால், தவறியவன் மாணவன் அல்லன். நாமும் நமது கல்வி அமைப்புமே.