கடையும் வீடும் ஒரே கூரையில்

கடைவீதியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு வணிக வளாகத்தின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். கீழே கடை, மேலே கடை, அதற்கும் மேலே கடை. குடியிருக்க ஒருவரும் இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டால் வாட்ச்மேனும் நாயும்தான். நாட்டரசன்கோட்டை மாதிரி ஊர்களுக்கு இது ஒத்துவராது என்பது என் கட்சி. கடையும் வீடும் கலந்திருந்தால்தான் தெரு பிழைக்கும்.

இதைக் கலப்புப் பயன்பாடு என்கிறார்கள். ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள் நண்பர்களே. நம் செட்டிநாட்டுக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே சிங்கப்பூரில் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை. பகலில் அதுதான் லேவாதேவிக் கடை. ராத்திரி படுக்கையும் அதே கட்டடத்தில்தான். சாப்பாடு பொதுச் சமையல்.

1970களில் சிங்கப்பூர் அரசு அந்த வட்டாரத்தை நிதி மையமாக மாற்றியது. கிட்டங்கிகள் இடிபட்டன. 1984ல் அதே தெருவில் 'கோல்டன் ஷூ' என்ற கார் நிறுத்தக் கட்டடம் எழும்பியது. வங்கிகள் வந்தன, பணம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடியிருப்பவர்கள் போய்விட்டார்கள். ஆபீஸ் விட்டால் தெரு காலி. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம்.

இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்துவிட்டு வீடு, ஓட்டல் எல்லாம் கலந்து கட்டினால் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்று 2019ல் சலுகை அறிவித்தார்கள். அந்தக் கார் நிறுத்தம் 2017ல் மூடப்பட்டு, அதே இடத்தில் 2021ல் 51 மாடி 'கேப்பிட்டாஸ்பிரிங்' கட்டி முடிக்கப்பட்டது. அதில் அலுவலகம் இருக்கிறது, தங்கும் குடியிருப்பு இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. லேவாதேவி, படுக்கை, சாப்பாடு! கிட்டங்கிதான், மாடி மட்டும் கூடியிருக்கிறது :-)

அவர்களிடம் பணம் இருந்தது, தொலைத்ததைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நம்மால் முடியுமா?

அந்தக் கிட்டங்கிப் பணத்தில் கட்டிய வீடுகள்தான் இங்கே வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. செவ்வாய்ப் பொங்கலுக்குக் கண்ணாத்தாள் கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பானை வைக்கும்போது ஊர் நிறைந்திருக்கும். அப்புறம் அவரவர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பிவிடுவார்கள். ஓடு உடையும், மழை இறங்கும், கடைசியில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும்.

ஆனால் அந்த வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். முகப்பும் திண்ணையும் ஆண்கள் வரவு செலவு பேசிய இடம். வளவும் அடுப்படியும் குடும்பத்துக்கு. பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிறது. கடைவீதியை ஒட்டிய வீடுகளில் முகப்பை மட்டும் தையல் கடைக்கோ, ஆடிட்டர் அலுவலகத்துக்கோ, டியூஷன் சென்டருக்கோ விடலாம். பின்கட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். ஒரு சுவரைக்கூட இடிக்க வேண்டாம். காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன், இப்போது அது செலவு மட்டுமே வைக்கும் சொத்து. இப்படிச் செய்தால் இரண்டு வாடகை வரும்.

"ஓட்டல் ஆக்கலாமே?" என்பீர்கள். கானாடுகாத்தானில் ஆக்கியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எல்லா வீட்டையும் ஓட்டலாக்க முடியாது. சுற்றுலாப் பயணி இரண்டு நாளில் போய்விடுவார். குடியிருப்பவர்தான் தினமும் பால் வாங்குவார்.

பெரிய சிக்கல் பங்காளிகள். ஒரு வீட்டுக்கு இருபது பங்கு இருந்தால் இருபது கையெழுத்து வேண்டும். விற்பதற்கு ஒத்துவராதவர்கள்கூட வாடகைக்கு விட ஒத்துவரலாம், ஏனென்றால் யாருடைய உரிமையும் போவதில்லை. வருகிற வாடகையில் முதலில் கூரையைச் சரிசெய்வது, மிச்சத்தைப் பங்குப்படி பிரிப்பது என்று எழுதிக்கொள்ளலாம். பேரூராட்சியும் தன் பங்குக்கு, இப்படி ஆள் குடியேறும் வீடுகளுக்குச் சில வருஷம் சொத்து வரியைக் குறைத்தால் நன்றாக இருக்கும்.

செட்டிநாட்டுக் கிராமங்களை உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014லேயே சேர்த்துவிட்டார்கள். பட்டியலால் மட்டும் ஒரு வீடும் நிற்காது. உள்ளே அடுப்பு எரிய வேண்டும், முகப்பில் வியாபாரம் நடக்க வேண்டும்.